படலைக்கு முன்னால் ஒரு கோலம்

திருநின்றவூர்
24 பிப்ரவரி 2025

அன்புள்ள வசந்தா அக்காவுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். யாழ்ப்பாணம் பலாலியில் விமானம் ஏறி உட்கார்ந்தோம்; நீங்கள் காலையில் கொடுத்த இடியப்பம் செரிக்கும் முன் சென்னையில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து திருநின்றவூர் வந்து சேரத்தான் அதைவிட அதிக நேரம் ஆனது.

கைபேசியில் இரண்டு வரி அனுப்பியிருக்கலாம். ஆனால் முப்பது வருடம் தபால் கந்தோரில் வேலை பார்த்த நீங்கள், "போனில வாறது வாசிச்ச உடன முடிஞ்சிடும். கடிதம் எண்டால் எடுத்து வைக்கலாம்" என்று சொன்னீர்கள். எடுத்து வைக்கும்படி எழுத வருமா என்று தெரியவில்லை.

இது எங்களுடைய முதல் வெளிநாட்டுப் பயணம். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நான் படித்துக்கொண்டிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலையில் என் வேலையே, லேத்திலிருந்து வரும் இரும்புப் பாகங்களில் எது சரியில்லை என்று பார்த்து ஒதுக்கிவைப்பது. பதினெட்டு வருடமாக அதைச் செய்பவளுக்கு, போகிற இடத்தில் தன்னிடம் யாரும் குறை கண்டுவிடக் கூடாது என்ற பயம் இருக்கும். கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது. போரைப் பற்றி நாமாகப் பேச்செடுக்கக் கூடாது. எந்தப் பொருளையும் பார்த்து "எங்க ஊர்ல இது பாதி விலை" என்று சொல்லக் கூடாது. நல்லூர்க் கோயிலில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும். எல்லாவற்றையும் எழுதி என் கணவரிடம் படித்துக் காட்டினேன். "பாஸ்போர்ட்ல சீல் குத்திட்டு இறங்கினா அங்கயும் தமிழ்தான் பேசப் போறாங்க. இதுக்கு ஏன் பரீட்சை வைக்கிற?" என்றார். நல்லூர் வாசலில் தொப்பையை மறைக்கத் துண்டு தேடியபோதுதான் அவருக்கு என் பட்டியலின் அருமை தெரிந்தது.

உங்கள் வீட்டில் அறை எடுத்து இருந்த ஐந்து நாளும் நான் கவனித்தது ஒன்று உண்டு. எங்கள் அறைக் கதவு திறந்துதான் இருக்கும். ஆனாலும் நீங்கள் வெளியே நின்று குரல் கொடுப்பீர்கள். நாங்கள் வாங்க என்று சொல்லும்வரை நிலைப்படியைத் தாண்ட மாட்டீர்கள். அது உங்கள் வீடு. உங்கள் மகள் தர்சினி பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, "இண்டைக்கு எங்க போனனீங்கள்?" என்று கேட்பாள். பதிலைக் கேட்பதற்காகவே கேட்பாள். அப்படிக் கேட்கிறவர்களைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

கைமாறாக என்ன செய்வது என்று யோசித்துத்தான், கிளம்புவதற்கு முந்தைய நாள் விடியும் முன்னே எழுந்து அந்தக் கோலத்தைப் போட்டேன். தினமும் உங்கள் வாசல் தண்ணீர் தெளித்து வெறுமையாகவே கிடந்தது. உங்களுக்கு நேரமில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். சந்திக் கடையில் வாங்கிய பச்சரிசி மாவில், நீங்கள் படலை என்று சொல்லும் வெளிக் கதவுக்கு முன்னால் பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலம். எங்கள் எதிர்வீட்டு முனியம்மா கற்றுக்கொடுத்தது. சந்து முழுக்க, உங்கள் ஒழுங்கையே வந்து பார்த்தது. ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் விசாரித்தார். ஒரே பையன், அரவிந்தன், இப்போதுதான் வேலையில் சேர்ந்தான் என்றேன். அவர் முகம் அப்படி மலர்ந்தது. பாசமான ஊர் உங்கள் ஊர்.

என்னோடு வேலை செய்யும் மதிவதனி, குடும்பத்தோடு மே மாதம் வர ஆசைப்படுகிறாள். உங்கள் அறையைத்தான் சொல்லியிருக்கிறேன். தர்சினி எப்படி இருக்கிறாள்?

அன்புடன்,
ராஜகுமாரி


கொக்குவில் கிழக்கு
13 மார்ச் 2025

திருமதி ராஜகுமாரி தட்சிணாமூர்த்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சுகமாகப் போய்ச் சேர்ந்ததை அறிந்து மகிழ்ச்சி. அறையில் நீங்கள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

சித்திரை முதல் அறையை வாடகைக்கு விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். உங்கள் சிநேகிதி வேறு இடம் பார்ப்பது நல்லது. யாழ்ப்பாணத்தில் இப்போது விடுதிகள் நிறைய உண்டு.

தர்சினி சுகம்.

இப்படிக்கு,
வே. வசந்தா


திருநின்றவூர்
27 மார்ச் 2025

அன்புள்ள வசந்தா அக்காவுக்கு,

கண்ணாடி வந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றி, மேலே அட்டை வைத்து, நான்கு மூலைகளையும் ஒட்டியிருந்தீர்கள். இவ்வளவு பத்திரமாக அனுப்பியவர்தான் என்னைத் திருமதி என்று எழுதியிருக்கிறார். பார்சலையும் கடிதத்தையும் மேசைமேல் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவங்க ரூமு, அவங்க விடல. நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்க?" என்கிறார் என் கணவர். ஆனால் ஊரிலிருந்து வந்த நாளிலிருந்து நான் அந்த ஐந்து நாளைப் பற்றிப் பெருமையாகவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதே நாட்களைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன், எங்கே கீறல் விழுந்தது என்று.

மூன்றாம் நாள் மாலை தர்சினி எதையோ சொல்ல, "உங்க தமிழ் எவ்வளவு இனிமையா இருக்கு, இன்னொரு தடவை சொல்லும்மா" என்று கைபேசியில் பதிவு செய்தேன். அரவிந்தனுக்கு அனுப்புவதற்காக. மூன்று தடவை சொல்லச் சொன்னேன். நேற்று அதைக் கேட்டேன். மூன்றாவது தடவை அவள் குரல் இறங்கியிருக்கிறது. அவளை ஏதோ கிளி மாதிரிப் பேசவைத்திருக்கிறேன். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்று எழுதிவைத்தவள், குரலை எடுக்கலாம் என்று எப்படி நினைத்தேன்? அதை அழித்துவிட்டேன். அரவிந்தனையும் அழிக்கச் சொல்லிவிட்டேன்.

அது இல்லையென்றால், கேட்காமல் உங்கள் அடுப்படிக்குள் நுழைந்து பாத்திரம் கழுவியதா? எங்கள் பக்கம் அது நெருக்கம். உங்களுக்கு அது தொந்தரவாக இருந்திருக்கலாம்.

நான் ஒரு பாகத்தை ஒதுக்கினால் அதற்குக் காரணம் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். எனக்கும் காரணம் எழுதுங்கள் அக்கா. அறையைத் திறக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நான் என்ன செய்தேன் என்பது மட்டும் தெரிய வேண்டும்.

ராஜகுமாரி


கொக்குவில் கிழக்கு
16 ஏப்பிரல் 2025

ராஜகுமாரிக்கு,

புதுவருடம் முடியட்டும் என்று இருந்தேன். நல்ல நாளில் இதை எழுத மனம் வரவில்லை.

தர்சினிக்கு நீங்கள் குரல் பதிந்ததில் கோபம் இல்லை, கொஞ்சம் கூச்சம்தான். பாத்திரம் கழுவினது எனக்கு உதவி. முழங்கால் நோவோடு நிற்கிறவளுக்கு அதில் என்ன குறை. நீங்கள் செய்தது கோலம்.

எங்கள் ஒழுங்கையில் பொங்கலுக்குக் கோலம் போடுவோம். பிறகு ஒரு வீட்டில் நல்ல காரியம் என்றால் போடுவோம். மற்ற நாளில் கூட்டித் தண்ணீர் தெளித்தால் போதும். எங்கள் வாசல் வெறுமையாகக் கிடக்கவில்லை, வழக்கம்போலக் கிடந்தது. இப்போது ஒழுங்கையின் கண்ணால் பாருங்கள். கலியாணம் ஆகாத பெண் இருக்கிற வீடு. இந்தியாவிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்து ஐந்து நாள் நிற்கிறார்கள். அந்த அம்மா விடிய எழும்பித் தன் கையால் படலையில் கோலம் போடுகிறா. ஒரே மகன், வேலையில் சேர்ந்துவிட்டான் என்றும் சொல்கிறா. அந்த ஒழுங்கையில் நான் நின்றிருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

உங்கள் கையைப் பிடித்துக் கதைத்தது முன்வீட்டு மனோகரனின் மனைவி. அன்றைக்கே வந்துவிட்டா. "என்ன வசந்தாக்கா, தர்சினிக்குக் கலியாணம் சரிவந்திட்டுதாம். எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே?"

"இல்லையடி, அவை அறை எடுத்து நிக்கிற ஆக்கள்."

"ஓம் ஓம். கண்ணூறு படுமெண்டு மறைக்கிறியள். மறையுங்கோ, மறையுங்கோ."

இங்கே எல்லாம் முடிவாகும்வரை எவரும் இல்லை என்றுதான் சொல்வது. அதனால் நான் இல்லை என்று சொல்லச் சொல்ல அது ஓம் ஆகிவிட்டது.

தர்சினிக்கு முப்பத்திரண்டு வயது. கரவெட்டியில் ஒரு இடம் கதைத்திருந்தோம். மாப்பிள்ளை வைத்தியசாலையில் மருந்து கொடுக்கிறவர். பிள்ளைகள் இரண்டு பேரும் போனில் கதைத்துப் பிடித்துப்போயிருந்தார்கள். பல இடம் பார்த்து இவள் முதல் தடவையாகத் தானே வந்து "சரி அம்மா" என்று சொன்ன இடம். மாசி முடிய வந்து நாள் வைக்கிறோம் என்றார்கள். வரவில்லை. போனும் இல்லை. "இந்தியாவில இடம் பிடிச்ச ஆக்களுக்கு நாங்கள் என்னத்துக்கு" என்று அவருடைய தாய் யாரிடமோ சொன்னாவாம். நாங்களாகப் போய் விளக்கம் சொன்னால், இந்திய இடம் தவறிவிட்டது, அதுதான் திரும்பி வருகிறார்கள் என்பார்கள்.

அன்றைக்கு விடிய நான் வாளித் தண்ணீரோடு படலைக்கு வந்தேன். கழுவிவிடத்தான் வந்தேன். நீங்கள் கை முழுக்க மாவோடு திரும்பி, "எப்படி அக்கா இருக்கு?" என்று கேட்டீர்கள். தர்சினி பின்னாலேயே வந்து வாளியை என் கையிலிருந்து வாங்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். "பின்னேரம் கழுவுவம் அம்மா. அவ எங்களுக்காக இருட்டோட எழும்பினவ" என்றாள்.

வாளியை வாங்கினவளுக்குத்தான் இப்படி வந்தது.

உங்களில் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் கரவெட்டியிலிருந்து ஒருவரும் எங்களிடம் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள். அதனால் எழுதினேன்.

வசந்தா


திருநின்றவூர்
30 ஏப்ரல் 2025

அக்கா,

உங்கள் கடிதத்தை ரயிலில் பிரித்தேன். அம்பத்தூரில் இறங்க மறந்து வில்லிவாக்கம்வரை போய்விட்டேன். அங்கே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். அந்த வாளி என் நினைவில் இருக்கிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கொண்டுபோகிறாள் என்றுதான் நினைத்தேன்.

நல்லெண்ணத்தில் செய்தேன் என்று எழுதி, அதை அடித்துவிட்டேன். என் எண்ணம் எப்படி இருந்தால் தர்சினிக்கு என்ன. உங்களோடு ஒரே மொழியில் பேசுகிறோம் என்பதால், ஒரே ஊரில் இருப்பதாக நினைத்துவிட்டேன். மொழி தெரியாத நாட்டுக்குப் போயிருந்தால், ஒரு துடைப்பத்தைத் தொடுவதற்குக்கூட ஜாடையில் அனுமதி கேட்டிருப்பேன்.

முனியம்மாவிடம் சொன்னேன். எதிர்வீடு. எங்கள் மனைகள் எல்லாம் வயலாக இருந்தபோது அதில் நாற்று நட்டவள். இப்போது அவள் மகள் கவிப்பிரியா என்னோடு அதே ரயிலில் எஸ்டேட் வேலைக்கு வருகிறாள். கோலத்தில் அவள்தான் எனக்கு எல்லாம். ஆறுதலாக ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"போன எடத்துல சும்மா இருக்க மாட்டியா நீ?" என்றாள். "ஊரான் ஊட்டு வாசலு அது. நாளைக்கு உன் வாசல்ல நான் வந்து ஒரு புள்ளி வெச்சா நீ சும்மா இருப்பியா?"

"இருப்பேனே. நீ போட்டா அழகாத்தான் இருக்கும்."

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். தெருவுல போறவனுக்குத் தெரியுமா? ராஜி ஊட்ல இன்னா ஆச்சு, அவ படுத்துகினாளா, செத்துட்டாளா, ஏன் இவ வந்து போட்டுகினு கீறான்னு கேப்பான்." பிறகு, "அந்தப் பொண்ணு பக்கெட்ட வாங்கினுச்சு பாரு. எனக்கா இருந்தா உன் தலைல ஊத்தியிருப்பேன்" என்றாள்.

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் ஒரு மாதம் படித்துப் பட்டியல் போட்டேன். தர்சினி எதையும் படிக்கவில்லை. மூச்சு விடும் நேரத்தில், தன் வீட்டு வாசலைவிட வந்தவளின் முகம் முக்கியம் என்று முடிவு செய்தாள். அவளைப் போல ஒருத்தியை நான் என் வாழ்க்கையில் அதிகம் பார்த்ததில்லை. இதை உங்களைச் சமாதானம் செய்ய எழுதவில்லை.

இந்தமுறை கேட்டுவிட்டுச் செய்கிறேன். கரவெட்டி வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. படித்துப் பாருங்கள். கொடுக்கலாம் என்றால் கொடுங்கள். வேண்டாம் என்றால் அடுப்பில் போடுங்கள். நான் நேராக அவர்களுக்கு எழுத மாட்டேன், அவர்கள் விலாசத்தைக் கேட்கவும் மாட்டேன்.

அதில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். நான் அந்த வீட்டில் அறை எடுத்துத் தங்கிய பயணி. என் மகனுக்கு இருபத்திரண்டு வயது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் பயிற்சியில் இருக்கிறான்; சாப்பிட்ட தட்டைக் கழுவ இன்னும் பழகவில்லை, அவனுக்குப் பெண் பார்க்கும் எண்ணமே எங்களுக்கு இல்லை. உங்கள் ஊர் வழக்கம் தெரியாமல், யாரையும் கேட்காமல் கோலம் போட்டது நான். அந்த வீட்டார் அதை உடனே கழுவிவிட்டிருந்தால் எந்தப் பேச்சும் எழுந்திருக்காது. நான் வருத்தப்படக் கூடாது என்பதற்காக மாலைவரை விட்டுவைத்தார்கள், ஊர் கேட்ட கேள்விகளையும் என் காதில் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் உங்களுக்கு இது தெரிய வேண்டும்.

ராஜகுமாரி


கொக்குவில் கிழக்கு
2 யூன் 2025

அன்புள்ள ராஜகுமாரிக்கு,

உங்கள் கடிதம் எட்டு நாள் சாமியறையில் இருந்தது. கொடுப்பதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. கொடுத்தால் கெஞ்சுவது போல, விட்டால் ஒத்துக்கொண்டது போல. ஒன்பதாம் நாள் தர்சினி அதை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "நீங்கள் போனால் அது சம்பந்தம் கேட்டுப் போனது ஆகும் அம்மா. நான் போனால் கடிதம் குடுக்கப் போனது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். தபால்காரியின் மகள்.

அங்கே தாய் முற்றத்தில் இருந்தாவாம். இவளைக் கண்டதும் எழும்பவில்லை. இவள் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, வாசித்து முடியும்வரை வெயிலிலேயே நின்றாள். தாய் முதலில் மனதுக்குள் வாசித்தா. பிறகு உள்ளே இருந்த மகனைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்தா. வாசித்து முடித்துவிட்டு இவளைப் பார்த்து, "நான் கூட்டின வாசலில பிறத்தி ஆள் ஒரு கோடு கீறினால் எனக்கு அண்டு முழுக்கச் சமையல் ஓடாது. நீயோ பிள்ளை பின்னேரம்வரைக்கும் விட்டனி?" என்று கேட்டா. இவள் ஓம் என்றாள். "எனக்கும் எரிச்சல்தான், ஆனால் வடிவான கோலம்" என்றும் சொன்னாளாம். தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகனைப் பார்த்து, "இன்னும் என்னத்துக்கு நிக்கிறாய்? பிள்ளை வெயிலுக்க நிக்குது, தேத்தண்ணி போடு" என்றாவாம்.

தேத்தண்ணி குடிக்கும்போது தர்சினி மாப்பிள்ளையிடம் ஒன்றுதான் கேட்டாள், ஏன் ஒரு போன் எடுத்துக் கேட்கவில்லை என்று. மூன்று தரம் இலக்கத்தை அடித்து, மூன்று தரமும் வைத்துவிட்டாராம். கேட்டு, ஓம் என்று பதில் வந்தால் என்ன செய்வது என்று பயம். இவள் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு, "பயந்தது சரி. இனிமேல் பயந்தாலும் கேக்க வேணும் எண்டு சொல்லிப்போட்டன்" என்றாள்.

ஆவணியில் கலியாணம்.

அறையைத் திரும்ப விடலாம் என்று நினைக்கிறேன். மே போய்விட்டது, ஆனாலும் மதிவதனியிடம் சொல்லுங்கள். நானும் தர்சினியும் கூறைச் சேலை எடுக்க யூலை நாலாம் திகதி சென்னைக்கு வருகிறோம், ஐந்து நாள். உங்கள் வீட்டில் நிற்கலாமா என்று கேட்கிறேன். இரண்டு பேருக்கும் இந்தியா முதல் தடவை. உங்களிடம் இருந்தது போல எங்களிடம் பட்டியல் இல்லை. அங்கே என்னென்ன செய்யக் கூடாது என்று முன்கூட்டியே எழுதுங்கள். ஒன்றுமில்லை, உங்கள் வீடு மாதிரி இருங்கள் என்று மட்டும் எழுத வேண்டாம். அதில்தான் ஆபத்து இருக்கிறது.

அன்புடன்,
வசந்தா அக்கா


திருநின்றவூர்
16 ஜூன் 2025

அன்புள்ள வசந்தா அக்காவுக்கும் தர்சினிக்கும்,

வாருங்கள். கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் எழுத வந்தது, நீங்கள் எழுத வேண்டாம் என்று சொன்ன அதே வாக்கியம்தான். அதனால் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

ரயிலில் மூன்று பேர் உட்காரும் இடத்தில் நான்காவதாக ஒருத்தி வந்து "கொஞ்சம் தள்ளிக்கோக்கா" என்பாள். தள்ளி உட்காருங்கள். அது அவமதிப்பு இல்லை, இங்கே எல்லோரும் அப்படித்தான் வேலைக்குப் போகிறோம். ஆட்டோக்காரர் சொல்லும் முதல் தொகைக்குத் தலையாட்டாதீர்கள். பட்டுக்கடையில் மட்டும் பேரம் பேசாதீர்கள். எங்கள் வீட்டில் போதும் என்று சொன்னால் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு கரண்டி வைப்போம். உண்மையிலேயே போதுமென்றால் தட்டைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் நம்புவோம். முனியம்மா வந்து நின்று, "எத்தினி நாளு இருப்ப?" என்பாள். போகச் சொல்வதாக நினைக்காதீர்கள். எத்தனை நாளைக்கு மீன் குழம்பு வைக்கலாம் என்று கணக்குப் போடுகிறாள். தர்சினியைப் பார்த்து, "நீதான் பக்கெட்டு பொண்ணா?" என்று நிச்சயம் கேட்பாள். அதைத் தடுக்க என்னால் முடியாது. கவிப்பிரியா உங்களைப் பேசச் சொல்லிக் கேட்கவே ஆசைப்படுவாள். பிடிக்காவிட்டால் மறுக்கலாம், அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இவ்வளவையும் எழுதிய பிறகும், இதில் இல்லாத ஒன்றைத்தான் நாங்கள் செய்வோம் என்று தோன்றுகிறது. எது உங்களை உறுத்தும் என்று எனக்குத் தெரியாது. தெரியாதது என்பதால்தான் அது பட்டியலில் இல்லை. எனவே இதைக் கடைசியாக எழுதுகிறேன். இது விதி இல்லை, வேண்டுகோள். நானோ, அவரோ, முனியம்மாவோ அப்படி எதையாவது செய்தால் மாலைவரை பொறுக்காதீர்கள். அங்கேயே, அப்போதே சொல்லிவிடுங்கள். என் முகம் கொஞ்சம் வாடும். வாடட்டும் அக்கா. ஐந்து நாள் இருக்கிறீர்கள் அல்லவா, அதற்குள் சரியாகிவிடும்.

விமான நிலையத்தில் வந்து நிற்பேன்.

ராஜகுமாரி